ரத்த வகையும் ரத்த உறவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே மாதத்தில் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி வந்துவிட்டது. "ஏ வகை ரத்தம் உள்ளவர்களுக்கு வயிற்றில் புற்றுநோய் வரும். ஓ வகைக்காரர்களுக்கு வராது, அல்சர் மட்டும்தான் வரும்" என்று. அதற்குக் கீழே எந்த வகைக்காரர் எந்தக் காயைச் சாப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் வேறு. அனுப்பியவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடாமல் கேள்வி கேட்டார்களே, அதற்கே அவர்களுக்குப் பத்துக்குப் பத்து.

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இந்த விஷயம் போன வருடம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் தேடித் தேடிப் படித்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இன்று நோய்க்குறியியல் மருத்துவர். அவளைத் தொந்தரவு செய்து கேட்டும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. 1900, 1901 வாக்கில் வியன்னா நகரத்தில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர், தன்னுடைய ரத்தத்தையும் உடன் வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவருடைய சிவப்பணுவை இன்னொருவருடைய ரத்தத் தெளிநீரோடு கலந்து பார்த்தார். சில ஜோடிகள் அமைதியாக இருந்தன. சில ஜோடிகளில் சிவப்பணுக்கள் திரிந்த பால்போலக் கட்டிக்கொண்டன. அப்படித்தான் ரத்த வகைகள் பிடிபட்டன. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? சர்க்கரை. நீரிழிவில் அளக்கிற சர்க்கரை இல்லை. செல்லின் வெளிப்பரப்பில் சரம் சரமாகத் தொங்குகிற, பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலிகள். பாசிமணிச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சரத்தின் நுனியில் ஃபியூகோஸ் என்ற மணியைக் கோத்தால் அதற்கு எச் என்று பெயர். அந்த எச் சரத்தோடு இன்னும் ஒரு மணி சேர்கிறது. ஏ வகைக்காரர்களுக்குச் சேர்வது என்-அசிட்டைல் கேலக்டோசமின் என்ற மணி. பி வகைக்காரர்களுக்கு கேலக்டோஸ் என்ற மணி. ஏபி என்றால் சில சரங்களில் இது, சில சரங்களில் அது. ஓ வகைக்காரர்களுக்கு மேற்கொண்டு எதுவும் சேர்வதில்லை, எச் சரம் அப்படியே நிற்கிறது.

ஏ மணியும் பி மணியும் உருவத்தில் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஏ மணிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன வால் உண்டு. இந்த வாலை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

ஓ வகை எப்படி வந்தது என்பதை 1990இல் அமெரிக்காவில் யமமோட்டோவின் குழு கண்டுபிடித்தது. மணியைக் கோர்க்கிற நொதியை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலான ஓ வகைக்காரர்களுக்கு அதுதான் காரணம். சொல்வதை எழுதும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டால் அதற்குப் பின்னால் வருகிற வாக்கியமே கெட்டுப்போகும் அல்லவா? அதேதான். நொதி வேலை செய்யாது, மணி கோர்க்கப்படாது.

இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். இனிமேல் சொல்வது தெரியாமல் இருக்கலாம். ரத்த வகை ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. நம் வாயிலும், இரைப்பையிலும், குடலிலும் இருக்கிறது. இரைப்பையையும் குடலையும் உள்ளே வழவழவென்று பூசி வைத்திருக்கிறதே சளிப்படலம், அதில் இந்தச் சரங்கள் ஏராளம். எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது. உலகின் பல பகுதிகளில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு, தங்கள் ரத்த வகைச் சர்க்கரையை உமிழ்நீரிலும் இரைப்பை நீரிலும் சுரக்கிறவர்கள். மீதிப் பேருக்கு ரத்தத்தில் வகை இருக்கும், உமிழ்நீரில் இருக்காது. இதைத் தீர்மானிப்பது வேறொரு மரபணு.

இன்னொரு ஆச்சரியம், லூயிஸ் என்ற ரத்த வகை. ஆர்தர் மூரண்ட் என்பவர் 1946இல் கண்டுபிடித்தது. ரத்த வகை என்றுதான் பெயர். ஆனால் சிவப்பணு அதைத் தயாரிப்பதே இல்லை. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தயாராகி, ரத்தத் தெளிநீரில் மிதந்து வந்து, சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொள்கிறது. குடல் உடுத்திவிட்ட சட்டையைத்தான் சிவப்பணு போட்டுக்கொண்டு திரிகிறது.

குடல் இன்னொரு வேலையும் செய்கிறது. ஏ வகைக்காரரின் ரத்தத்தில் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். வாழ்நாளில் பி ரத்தத்தையே பார்க்காத உடம்புக்கு அது எப்படி வந்தது? பிறந்த குழந்தையிடம் சொந்தமாக அது இருப்பதில்லை. சில மாதங்கள் கழித்துத்தான் உருவாகத் தொடங்குகிறது. குழந்தையின் குடலில் குடியேறுகிற பாக்டீரியாக்கள் சிலவற்றின் மேலும் ஏ, பி போன்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைப் பார்த்துத்தான் உடம்பு "இது என்னுடையது, இது என்னுடையது இல்லை" என்று கற்றுக்கொள்கிறது. நம் ரத்தத்துக்கு முதல் பாடம் எடுத்தது குடல்தான்.

சரி, ஆரோக்கியமான உணவுப்பாதையில் இந்தச் சரங்கள் எங்கெங்கே இருக்கின்றன? என் மாணவி தன் நுண்ணோக்கியில் பாடம் எடுப்பதற்கென்று வைத்திருக்கும் பழைய சில்லுகளைக் காட்டினாள். ஏ வகைச் சரம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் பழுப்பு நிறம் ஏறும்படி சாயமிட்டவை. எல்லாமே ஏ வகைக்காரர்களின் திசு.

இரைப்பையின் உட்சுவர் நல்ல பழுப்பு. சிறுகுடல் பழுப்பு. பெருங்குடல் தொடங்குகிற வலப்பக்கத்திலும் பழுப்பு. அதற்கு அப்புறம் நகர நகர நிறம் குறைந்துகொண்டே போகிறது. இடப்பக்கம் இறங்கி மலக்குடலுக்கு வரும்போது உட்சுவரில் நிறமே இல்லை.

"சாயம் சரியாகப் பிடிக்கலையோ?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். சுவருக்கு அடியில சின்னச் சின்ன வட்டமா பழுப்பா தெரியுது பாருங்க, அது ரத்தக் குழாய். அதுல ஏ இருக்கு. அப்போ சாயம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. உட்சுவர்லதான் இல்ல" என்றாள்.

எவ்வளவு அழகான சரிபார்ப்பு பாருங்கள். விடை இல்லை என்று சொல்வதற்கு முன்னால், கேள்வி சரியாகக் கேட்கப்பட்டதா என்று உறுதி செய்துகொள்கிறார்கள்.

தாயின் வயிற்றில் வளர்கிற கருவுக்கோ பெருங்குடல் முழுவதிலும் இந்தச் சரங்கள் உண்டு. இடப்பக்கக் குடல் வளர வளர அவற்றைக் கழற்றி வைத்துவிடுகிறது. எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளை அரைக்கால் சட்டையை விட்டுவிடுவதுபோல.

இப்போது நோய்க்கு வருவோம். அவள் அடுத்த சில்லை வைத்தாள். அதே இடப்பக்கப் பெருங்குடல், ஆனால் புற்றுநோய் வந்த திசு. அங்கே பழுப்பு நிறம் திரும்ப வந்திருந்தது. வளர்ந்த மனிதரின் இடப்பக்கக் குடலில் இருக்கக்கூடாத சரம், கருவில் இருந்த பழைய பழக்கம், புற்றுநோயில் மறுபடி தலைகாட்டுகிறது. சில பாலிப்புகளிலும், அதாவது குடலுக்குள் மரு மாதிரி வளர்கிறவற்றிலும், இது தெரிவதுண்டாம்.

இரைப்பையில் கதை தலைகீழ். அங்கே சரம் இருக்க வேண்டும். புற்றுநோய் வந்த இடங்களில் பல நேரம் அது தொலைந்துபோகிறது. ஏ வகைக்காரரின் இரைப்பைக் கட்டியில் ஏ இருக்காது. மணி கோர்க்கிற நொதி வேலையை நிறுத்தியிருக்கும்.

இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. நோயுற்ற செல் தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறது. அதன் மேல் இருக்கும் சர்க்கரைச் சரம் அந்த மறதியை வெளியே காட்டிக்கொடுக்கிறது. இதை அன்றாடப் பரிசோதனையாக யாரும் செய்வதில்லை என்றும் அவள் சொன்னாள். புற்றுநோயை உறுதி செய்ய வேறு வழிகள் இருக்கின்றன. இது, செல் எப்படித் தடம் மாறுகிறது என்று புரிந்துகொள்வதற்கு.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தியில் இருக்கும் உண்மைத் துளியைப் பார்ப்போம். லண்டனில் இயன் ஏர்ட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏராளமான இரைப்பைப் புற்றுநோயாளிகளின் ரத்த வகைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் ஏ வகைக்காரர்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தார்கள். அடுத்த வருடம் அதே குழு, குடற்புண்காரர்களில் ஓ வகையினர் அதிகம் என்று காட்டியது. பிறகு உலகின் வேறு பல இடங்களிலும் இதைப் பார்த்தார்கள். ஆக, தொடர்பு உண்மைதான்.

ஆனால் எவ்வளவு? இரைப்பைப் புற்றுநோயில் ஏ வகைக்காரர்களுக்குச் சுமார் 20 சதவீதம் அதிகம். 20 சதவீதம் என்றதும், நூறு ஏ வகைக்காரர்களில் இருபது பேருக்குப் புற்றுநோய் வரும் என்று படித்துவிடுகிறோம். அப்படி இல்லை. கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். ஓ வகைக்காரர்கள் ஆயிரம் பேரில் வாழ்நாளில் பத்துப் பேருக்கு அந்த நோய் வருகிறது என்றால், ஏ வகைக்காரர்கள் ஆயிரம் பேரில் பன்னிரண்டு பேருக்கு வரும். இங்கே 988 பேருக்கு வராது, அங்கே 990 பேருக்கு வராது. ஓ வகையில் அந்தப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். "ஓ வகைக்கு வராது" என்று அனுப்புகிறவர்கள் அந்தப் பத்துப் பேரை அழித்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய காரணத்தை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பிடித்தார்கள். ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஒரு சுருள் பாக்டீரியாவைக் கண்டார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி. இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று நம்பியிருந்த காலம். யாரும் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இரைப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமி ஒரு முக்கியக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994இல் அறிவித்துவிட்டது.

இந்தக் கிருமி இரைப்பைச் சுவரில் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது தெரியுமா? நம் ரத்த வகைச் சரத்தைத்தான். லூயிஸ் பி என்ற சரம் அதற்குக் கைப்பிடி. ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் போரேனும் உடன் ஆய்ந்தவர்களும் 1993இல் இதைக் காட்டினார்கள். காலராவிலும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. ஓ வகைக்காரர்களுக்குக் காலரா வந்தால் கடுமையாக வருகிறது என்று வங்கதேசத்தில் நோயாளிகளைக் கவனித்துக் கண்டிருக்கிறார்கள். குடலின் மேல் உள்ள சர்க்கரை எது என்பதைப் பொறுத்துச் சில கிருமிகளுக்கு வேலை எளிதாகிறது, சிலவற்றுக்குக் கடினமாகிறது.

ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று. ரத்த வகையை மாற்ற முடியாது. ஹெலிகோபேக்டரை மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளால் ஒழிக்க முடியும். மாற்ற முடியாததை நினைத்துப் பயந்து, மாற்ற முடிந்ததைக் கோட்டை விடலாமா? காய்கறிப் பட்டியலைப் பற்றியும் ஒரு வரி. ரத்த வகை பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. எல்லா வகைக்காரர்களும் எல்லாக் காயும் சாப்பிடலாம்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அத்தானிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதும்மா, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்.

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. "மூலம்தான், சூட்டு உடம்பு" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கருணைக்கிழங்கு மசியலும் மோருமாக ஆறு மாதம் ஓடியது. முகம் வெளுத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல் துடித்தபோதுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹீமோகுளோபின் 7. ரத்தம் ஏற்றினால்தான் அறுவை சிகிச்சை என்றார்கள்.

ரத்த வகை பார்த்தார்கள். முதல் சோதனையில் ஏபி மாதிரி தெரிகிறது என்றார்கள். அக்கா பிடித்துக்கொண்டாள். "அவர் ஏ பாசிட்டிவ் ஐயா. வருசா வருசம் ரத்தம் கொடுத்தவர். அட்டை பீரோவுல இருக்கு." மகன், "அம்மா, மெஷின்ல பாத்துதானே சொல்றாங்க, நீ சும்மா இரு" என்றான். ரத்த வங்கியில் இருந்த அந்தத் தம்பி அக்காவைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. "அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு" என்றார்.

அவருடைய சந்தேகம் இதுதான். ரத்த வகையை இரண்டு பக்கமிருந்து பார்க்க வேண்டும். சிவப்பணுவின் மேல் என்ன சரம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். தெளிநீரில் எதற்கு எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது மறுபக்கம். கழித்தல் கணக்குப் போட்டுவிட்டுக் கூட்டிச் சரிபார்ப்பதுபோல. அத்தானின் சிவப்பணு ஏ என்று பலமாகச் சொன்னது, பி என்று முனகியது. தெளிநீரில் பார்த்தால் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் தெளிவாக இருந்தது. உண்மையான ஏபி ஆளுக்கு அது இருக்கவே முடியாது. இரண்டு விடைகளும் பொருந்தவில்லை.

மேலும் சில சோதனைகள் செய்தார்கள். உமிழ்நீரில் ஏ இருந்தது, பி இல்லை. அத்தான் ஏ வகைதான். வந்து ஒட்டிக்கொண்டது போலி பி.

இந்த வித்தையை மருத்துவ உலகம் 1959 முதல் அறியும். குடலில் புற்றுநோயோ அடைப்போ வந்து, உட்சுவர் புண்ணாகும்போது, குடல் பாக்டீரியாவின் நொதி ரத்தத்துக்குள் கசிந்துவிடலாம். அது ஏ மணியின் வாலை, முன்னே மறக்காதீர்கள் என்றேனே அந்த வாலை, கடித்துவிடுகிறது. வால் போன ஏ மணி பார்ப்பதற்குப் பி மணி மாதிரியே இருக்கும். சோதனை ஏமாறும். வேடிக்கை என்னவென்றால், அத்தானின் சொந்த எதிர்ப்பொருள் ஏமாறவில்லை. அது தன் சிவப்பணுக்களைத் தாக்கவே இல்லை. ஆனால் ஏபி ரத்தத்தை ஏற்றியிருந்தால் அதிலுள்ள உண்மையான பி-யைத் தாக்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

ஏ ரத்தம் ஏற்றினார்கள். இடப்பக்கப் பெருங்குடலில் கட்டி. அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு மருந்துகள். சில மாதம் கழித்துப் பரிசோதித்தபோது அந்தப் போலி பி போயே போய்விட்டது. பழைய ஏ பாசிட்டிவ். அக்கா அந்த ரத்ததான அட்டையை இப்போது சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

இப்படி நடப்பது மிக அரிது. ஆனால் ஒரு பாடம் எல்லோருக்கும் பொது. பழைய ரத்த வகை அட்டை இருந்தால் பத்திரமாக வையுங்கள். புதிய முடிவு அதோடு பொருந்தாவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கேட்கிறவர் மரியாதையாகக் கேட்டால், நல்ல பரிசோதகர் கோபித்துக்கொள்ள மாட்டார், நன்றி சொல்வார்.

சிகிச்சை நடந்த நாட்களில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கணையம், பித்தக்குழாய்ப் புற்றுநோய்களைக் கண்காணிக்க சிஏ 19-9 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். குடல் புற்றுநோயிலும் சிலருக்கு எடுப்பதுண்டு. அதுவும் நம் லூயிஸ் குடும்பத்துச் சர்க்கரைதான். லூயிஸ் ஏ சரத்தில் சயாலிக் அமிலம் என்ற இன்னொரு மணி சேர்ந்தது. புற்றுநோய் செல்கள் இதை அளவுக்கு மேல் செய்து ரத்தத்தில் கொட்டுகின்றன. ஆனால் லூயிஸ் சரத்தைச் செய்யவே முடியாதவர்கள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை பல சமூகங்களில் உண்டு. அவர்களுக்குக் கட்டி எவ்வளவு பெரிதானாலும் இந்த எண் ஏறாது. மறுபுறம், வெறும் பித்தக்கல் அடைப்பிலும் காமாலையிலும் இது ஏறிவிடும். ஆகவே "முழு உடல் பரிசோதனை" என்ற பெயரில் இதை எடுத்துப் பார்த்து, எண் குறைவு என்று நிம்மதியாவதும் தவறு, எண் கூடுதல் என்று தூக்கம் கெடுவதும் தவறு. நோய் உள்ளவருக்கு மருத்துவர் தொடர்ந்து பார்ப்பதற்கான எண் அது.

கடைசியாக, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகு, அவர் மகன் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். "சித்தி, எனக்கும் அப்பா மாதிரி ஏ பாசிட்டிவ்தான். எனக்கும் வருமா?" அவன் கையிலும் அந்த வாட்ஸ்அப் செய்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா சிரித்தாள். "எனக்கு அம்மா மாதிரி ஓ. நான் தப்பிச்சேன்."

இரண்டு பேருமே தவறான இடத்தில் விடை தேடுகிறார்கள். அந்தச் செய்தி சொல்வது இரைப்பையைப் பற்றி. அத்தானுக்கு வந்தது பெருங்குடலில். பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை ரத்த வகையை வைத்து யாரையும் பயமுறுத்தவும் முடியாது, தைரியம் சொல்லவும் முடியாது. அங்கே கணக்கில் வருவது வேறு. அப்பா, அம்மா, உடன்பிறந்தோர், பிள்ளைகள், இவர்களில் ஒருவருக்கு அந்த நோய் வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு சராசரியைவிடச் சுமார் இரண்டு மடங்கு. மகன் ஏ, மகள் ஓ என்பது இதை மாற்றாது. இருவருமே அவருடைய பிள்ளைகள். ரத்த வகையைவிட இங்கே ரத்த உறவுதான் பேசுகிறது.

ரத்த உறவு என்றதும் விதி என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப்பாகத் தொடங்கி, புற்றாக மாறுவதற்குப் பல வருடங்கள் எடுத்துக்கொள்கிறது. கொலோனோஸ்கோபி என்ற குழாய்க் கேமரா பரிசோதனையில் பாலிப்பைப் பார்த்து அப்போதே எடுத்துவிட முடியும். நோயைக் கண்டுபிடிப்பது மட்டும் இல்லை, வராமலே தடுப்பது. நெருங்கிய உறவில் ஒருவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்தியோ அப்போது தொடங்கச் சொல்வது மருத்துவர்கள் பின்பற்றுகிற வழிமுறை. குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ, சிறு வயதிலேயே வந்திருந்தாலோ இன்னும் சீக்கிரம். உங்கள் மருத்துவரிடம் குடும்ப விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

யாருக்குமே நோய் வராத குடும்பமாக இருந்தாலும், மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைதல், வழக்கமான மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். அதை மருத்துவர் சொல்லட்டும், நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் மூலத்தைப் பற்றிப் பேச வெட்கம், அதனால் எத்தனையோ விஷயம் மூலம் என்ற பெயரிலேயே ஒளிந்துகொள்கிறது. முக்கியமாகப் பெண்கள். மாதவிலக்கால்தான் ரத்தம் குறைகிறது என்று இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடுகிறோம். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தசோகை இருந்தால் குடலைப் பார்க்காமல் விடக்கூடாது.

மகள், அதான் ஓ வகைக்காரி, நாற்பத்திரண்டு வயது. போன மாதம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். ஒரு சின்னப் பாலிப் இருந்தது, எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. முதல் நாள் குடல் சுத்தமாவதற்கு லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடித்ததுதான் கஷ்டம், பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவளை விட இரண்டு வயது இளையவன் தம்பி. "அடுத்த மாசம் சித்தி, வேலை அதிகம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனும் இந்தப் பதிவைப் படிப்பான். தம்பி, சித்தி காத்திருக்கிறேன்.

படிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தோருக்கோ குடல் புற்றுநோய் வந்திருந்தால், அந்தச் செய்தியை மறைக்காமல் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்று மூடி வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சொத்து விவரம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதுபோல இதையும் சொல்லிவைக்க வேண்டும். அந்த ஏ, ஓ செய்தி மறுபடி உங்கள் குழுவுக்கு வந்தால் இந்தப் பதிவை அங்கே போட்டுவிடுங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், தெரியாததை என் மாணவியிடம் கேட்டுச் சொல்கிறேன்.